மேசைக்கு வந்த போத்தல்

சில மாதங்களுக்கு முன் பாரிசிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன், பயணப்பெட்டியைத் திறந்து, இரண்டு சாரங்களுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த சிவப்பு வைன் போத்தல் ஒன்றை என் கையில் தந்தான். "மாமா, இது பெரிய சாமான் இல்லை. அங்க சனம் சாதாரணமாச் சாப்பாட்டோட வைக்கிறதுதான்" என்றான். நான் அதை வாங்கிய கையோடு எழுந்து சென்று, புத்தக அலுமாரியில் அகராதித் தொகுதிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். யோசித்துச் செய்த காரியமன்று. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

மருமகன் சிரித்துவிட்டான். "களவெடுத்த சாமானோ மாமா, ஒளிக்கிறியள்?" என்று கேட்டான். குசினி வாசலில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. "அவர் எந்த நாளும் அதுக்குப் பின்னாலதான் வைக்கிறவர். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு. எடுத்து மேசையில வையுங்கோ" என்றார்.

கல்கிசையிலுள்ள என் வீட்டில், திருமணமாகி முப்பத்தெட்டாம் ஆண்டில், முதன்முதலாக ஒரு மதுப் போத்தல் சோற்றுக் கோப்பைகளுக்கு அருகே மேசைமீது ஏறியது இவ்வாறுதான். அன்றிரவு அந்த மேசையில் நான் கற்றவையும், அவை எனக்கு நினைவூட்டியவையுமே இக்கட்டுரை. மதுவைப் பற்றி எழுதினால் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள்; இன்னொரு சாரார் கண் சிமிட்டுவார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள் என்பதே என் கட்சி.

போத்தலின் மேல் 'கோட் து ரோன்' என்று எழுதியிருந்தது. ரோன் ஆற்றங்கரைச் சரிவுகள் என்பது பொருள். பிரான்சின் தென்கிழக்கில், வியென் நகரிலிருந்து அவிஞோன் வரை அந்த ஆற்றின் இரு மருங்கிலும் முந்திரிகைத் தோட்டங்கள் உள்ளன. (தமிழகத்து வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை, நீங்கள் முந்திரி என்பது எங்களுக்கு மரமுந்திரிகை.) எந்த ஊர் எல்லைக்குள், எந்த வகைப் பழத்தில், எப்படிச் செய்தால் இந்தப் பெயரைப் போடலாம் என்பதற்கு 1937 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ரு முதலிய பழவகைகளைக் கலந்து செய்கிறார்கள். சட்டத்தின் காவல் உண்டென்றாலும் இது செல்வந்தர் வைன் அன்று. பாரிசின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் சில யூரோக்களுக்கு வாங்கலாம். கூலித் தொழிலாளியும் ஆசிரியரும் பாணுக்கும் பாற்கட்டிக்கும் பக்கத்தில் வைக்கும் அன்றாடப் பொருள்.

மருமகன் பாரிசுக்குப் போனது 1986இல். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்நாளில் அங்கு சென்ற நம் பிள்ளைகளில் பலருக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேர்ந்தது: மொழி தெரியாது, கையில் முறையான கடதாசி இல்லை, கிடைத்தது உணவகமொன்றின் பின்புறத்தில் கோப்பை கழுவும் வேலை. பிறகு மரக்கறி நறுக்கினான், பிறகு சமைத்தான். இன்று பாரிசின் உணவகக் குசினிகளில் ஈழத் தமிழர் கைகள் எத்தனை என்பதை லா ஷப்பல் பகுதியில் ஒரு மாலை நின்று பார்த்தவர் அறிவர். பிரெஞ்சுச் சமையலின் நுணுக்கத்தைப் புத்தகத்தில் படித்தவர்களைவிட, அதை வெங்காயம் உரிப்பதிலிருந்து படித்தவர்கள் நம்மவர்களில் அதிகம்.

அவன் சொன்ன ஒரு செய்தி என் மனத்தில் தைத்தது. மாலையில் வாடிக்கையாளர் வருவதற்குமுன், உணவகத்தில் வேலை செய்யும் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவார்களாம். தலைமைச் சமையற்காரரும் பரிமாறுபவரும் கோப்பை கழுவும் தமிழ்ப் பையனும் ஒரே வரிசையில். பாண், ஒரு கறி, ஒரு தண்ணீர்ச் சாடி, அதன் அருகே சிவப்பு வைன். முதல் ஆண்டு முழுவதும் இவன் அதைத் தொடவில்லை. எவரும் வற்புறுத்தவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. ஒருநாள் இன்னொரு பணியாள் களஞ்சிய அறையில் தனியே நின்று குடித்ததைத் தலைமைச் சமையற்காரர் கண்டுவிட்டார். மேசையில் இரண்டு கிளாஸ் குடித்தவனை ஒன்றும் சொல்லாத அந்த மனிதர், நின்று அரைக் கிளாஸ் குடித்தவனை வேலையைவிட்டே அனுப்பிவிட்டாராம். "அப்ப எனக்கு அது விளங்கேல்லை மாமா. இப்ப விளங்குது" என்றான்.

எங்கள் விருந்துக்கு வருகிறேன். போத்தலைத் திறக்குமுன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைக்கச் சொன்னான். சிவப்பு வைனை அறையின் வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். "அது அவையின்ர அறை மாமா, எங்கட அறை இல்லை" என்றான். உண்மைதான். பழைய ஐரோப்பியக் கல்வீட்டின் அறை பதினாறு, பதினெட்டுப் பாகை செல்சியஸ். கல்கிசையில் மின்விசிறிக்குக் கீழேயே முப்பது பாகை. அந்தச் சூட்டில் வைனின் மதுசாரம் மூக்கில் ஏறி நிற்கும். பழத்தின் மணம் அடிபட்டுப் போகும். நூலறிவு எந்த ஊரில் எழுதப்பட்டது என்று கேளாமல் அதைப் பின்பற்றுவது நமது நெடுநாள் வழக்கம்.

அன்று மனைவி சமைத்திருந்தவை: புளிவிட்ட பாரைமீன் குழம்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய் பொரித்த குழம்பு, சொதி, சோறு, கடைசியில் வட்டிலப்பம். மருமகன் முன்கூட்டியே குசினிக்குள் சென்று, "மாமி, இறைச்சிக்குத் தூளைக் குறைச்சு மிளகைக் கூட்டிப் போடுங்கோ" என்று கேட்டிருக்கிறான். ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் மீன் குழம்போடு ஒரு வாய் அருந்தினேன். பழைய இரும்புச் சாவியை நாக்கில் வைத்தாற்போலிருந்தது. மீனும் கெட்டது, வைனும் கெட்டது. மீனுக்குச் சிவப்பு வைன் ஆகாது என்பதை வெறும் ஐரோப்பியச் சம்பிரதாயம் என்றே எண்ணியிருந்தேன். அப்படியன்று. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, சிவப்பு வைனில் கரைந்துள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேரும்போது அந்தக் கெட்ட வெடுக்கு உண்டாகிறது என்று கண்டார்கள். இரும்பு கூடிய வைனில் வெடுக்கும் கூடியது. ஆக, நம் கடற்கரை ஊர்களின் மீன் குழம்புக்கும் இந்தப் போத்தலுக்கும் சம்பந்தம் பேசவே கூடாது.

அடுத்தது உறைப்பு. வைனில் மதுசாரம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்கு. மதுசாரமே நாக்குக்கு ஒரு சூடு. மிளகாயின் எரிவோடு அது சேர்ந்தால் தணியாது, இரட்டிக்கும். அதற்குமேல் துவர்ப்பு. முந்திரிகைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் இந்தத் துவர்ப்பை ஐரோப்பியர் 'தனின்' என்கிறார்கள். ஐரோப்பியரின் பழைய சுவைப் பட்டியலில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்குதான், துவர்ப்புக்கு இடமில்லை. நம் அறுசுவையில் அதற்குத் தனி ஆசனம் உண்டு. பாக்கு மென்றவருக்கும், பால் சேராத சாயத்தேநீரைக் கடுப்பாகக் குடித்தவருக்கும் அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். கொழுப்பும் புரதமும் வந்தால் விட்டுக்கொடுக்கும். தேநீரில் பால் சேர்த்ததும் கடுப்பு அடங்குவது இதே வேலைதான். இறைச்சிக்கும் பாற்கட்டிக்கும் சிவப்பு வைன் ஏற்றது என்று சொல்வதன் காரணமும் இதுவே.

இப்போது இறைச்சி. மிளகு தூக்கலாக, மிளகாய் அடங்கி, கொழுப்போடு சுருள வெந்த ஆட்டிறைச்சி ஒரு துண்டு. பிறகு ஒரு வாய் வைன். இரண்டும் நெடுங்காலம் பழகிய உறவினர்போல் பேசிக்கொண்டன. வைனிலேயே மிளகு மணத்தது. நான் கற்பனை செய்கிறேனோ என்று ஐயுற்றேன். இல்லையாம். சிரா பழத்தில் செய்த வைனில் வரும் மிளகு மணத்துக்குக் காரணமான பொருளை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். அதன் பெயர் ரொட்டண்டோன். கறுப்பு மிளகின் மணத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது.

இதைக் கேட்டதும் என் சிந்தை சங்க காலத்துக்குப் போயிற்று. யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டுமென்று நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் வாழ்த்துகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மிளகாயோ போர்த்துக்கேயரோடு வந்த அமெரிக்கப் பயிர். நம் குசினியில் அதற்கு வயது ஐந்நூறைத் தாண்டாது. அதற்கு முன் நமக்கு உறைப்பு என்றால் மிளகுதான். வைனோடு ஒத்துப்போகாதது மிளகாய் குடியேறிய பிற்காலச் சமையல். மிளகுக் காலத்துச் சமையலோடு அதற்குப் பகையில்லை.

வீட்டில் முயல விரும்புவோருக்குச் சில சொற்கள். மிளகிட்ட ஆட்டிறைச்சி, கோழிப் பொரியல், எண்ணெயில் வதங்கிய கத்தரிக்காய், உழுந்து வடை, கொழும்புப் பறங்கியர் நமக்குத் தந்த லம்ப்ரைஸ் இவையெல்லாம் இந்த வைனோடு நன்றாகப் போகும். சொதி போகாது, தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் வைனைத் தகரமாக்கிவிடும். வட்டிலப்பம் போகவே போகாது. இனிப்புக்குப்பின் இனிப்பற்ற வைன் வெறும் புளிக்காடி. உறைப்பைக் குறைக்க மனமில்லாதவர்கள் துவர்ப்புக் குறைந்த பொஜொலே வைனைச் சற்றுக் கூடக் குளிரவைத்து அருந்தலாம். அது கமே என்னும் பழத்தில் செய்வது. அந்தப் பழம் இழிந்தது என்று கூறி 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தன் நாட்டிலிருந்து அதைப் பிடுங்கியெறிய ஆணையிட்டான். ஆளும் வர்க்கத்தின் நாக்கு ஏழையின் பானத்தை இழிவென்று சொல்வது எல்லா நாட்டிலும் உள்ளதே.

சமையற்குறிப்பு எழுத நான் உட்காரவில்லை. அன்றிரவு எனக்குப் புலப்பட்டது வேறொன்று. உணவைத் தேடும் பானத்துக்கு ஓர் எல்லை தானாக வந்துவிடுகிறது. இறைச்சி தீர்ந்ததும் வைனுக்கு மேசையில் வேலையில்லை. மூன்று பேர் இருந்தும் போத்தலில் பாதி மிஞ்சியது. எவரும் எவரையும் தடுக்கவில்லை. நம்மூர்க் குடியில் இந்த ஒழுங்கு தலைகீழ். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். அது உணவைத் தேடுவதில்லை, உணவை ஒத்திவைக்கிறது. வெறும் வயிற்றில் முதல் கிளாஸ், அதற்குத் துணையாக 'பைட்' என்று கொஞ்சம் கடலையும் பொரித்த மீனும். சோறு எங்கே? சோறு வீட்டில், மூடிவைத்த கோப்பையில், ஆறிக்கொண்டிருக்கிறது.

நான் பணியாற்றிய கொழும்புப் பத்திரிகை அலுவலகங்களில் இதை ஆண்டுக்கணக்காகக் கண்டேன். பல நாள் செய்தேன். முதற்பக்கம் அச்சுக்குப் போக நள்ளிரவாகும். அன்றைய செய்திகள் எவ்வகையின என்பதை அந்த ஆண்டுகளில் இந்நாட்டில் வாழ்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்தவர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துவிட்டு வெளியே வருபவனுக்கு நேரே வீட்டுக்குப் போக முடிவதில்லை. அருகிலிருந்த ஓர் அறையில் கூடுவோம். நின்றபடி, விரைவாக, பேச்சைவிட வேகமாகக் குடிப்போம். பாக்கு மென்று மணத்தை மறைத்து வீடு திரும்புவோம். மனைவிமாருக்குத் தெரியாது என்று நாங்களும், தெரியாததுபோல் அவர்களும் நடித்த அந்த நாடகம் முப்பது ஆண்டு ஓடியது. என்னோடு அந்த அறையில் நின்றவர்களில் ஐவர் ஈரல் கெட்டு மாண்டார்கள். அறுபதைக் கண்டவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

அவர்களுள் ஒருவர் எனக்குத் தொழில் கற்பித்தவர். நல்ல தமிழ் எழுதியவர். ஒற்றுப்பிழை கண்டால் உறங்காதவர். அவருடைய செத்தவீட்டுக்கு நான் போனபோது அவர் மனைவி அழவில்லை. என்னைக் கண்டதும் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, இருபத்தாறு வருசம் நான் அவருக்குச் சோறு போட்டு மூடி வச்சன். அவர் சாப்பிடுறதை நான் கண்டது குறைவு." அந்த வசனத்தை நான் எங்கும் அச்சேற்றவில்லை. இப்போது எழுதுகிறேன். குடி அவரைக் கொன்றது என்பதை மருத்துவர் எழுதினார். அந்தக் குடி ஒரு நாளாவது அவருடைய மேசைக்கு வந்திருந்தால், அந்த அம்மையார் ஒரு பார்வையிலேனும் அதை அளந்திருப்பார் என்பதே என் எண்ணம்.

உடனே ஒரு மறுப்பு எழும். 'பிரெஞ்சுக்காரன் குடித்தால் பண்பாடு, நம்மவன் குடித்தால் குடிகாரனா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. பிரான்சைப் புனிதப்படுத்த எனக்கு நோக்கமில்லை. அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில் சிறுவருக்கும் வைன் வைத்த காலம் இருந்தது. 1954இல் பிரதமர் பியேர் மென்டெஸ் பிரான்ஸ் பள்ளிகளில் பால் வழங்கச் செய்தார். 1956இல் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கு வைன் தடுக்கப்பட்டது. உயர்பள்ளிகளில் முற்றாக நின்றது 1981இல்தான். 1960களில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் வைன் குடித்த நாடு, இன்று ஏறத்தாழ நாற்பது லீற்றருக்கு இறங்கியிருக்கிறது. அப்படி இருந்தும், 2015ஆம் ஆண்டுக்கு அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் கணித்தபடி, மதுவினால் மாண்டோர் 41,000 பேர். சாப்பாட்டு மேசை எல்லோரையும் காப்பதில்லை.

சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்ற கதையையும் நம்ப வேண்டாம். 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அதைப் பரப்பியதும் அந்நாட்டில் சிவப்பு வைன் விற்பனை பாய்ந்தேறியது. ஆனால் 1988இலேயே, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மதுபானங்களைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. தீங்கற்ற அளவு என்று ஓர் அளவே இல்லை என்று அந்நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. ஆகவே குடிக்காதவர் குடிக்கத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. என் பேச்சு குடிப்பவரோடு.

நம்மிடமும் சோற்றோடு வளர்ந்த பானம் இருந்தது. அது கள். பனையிலோ தென்னையிலோ காலையில் இறக்கியதில் இனிப்பு மிகுதி; மாலைக்குள் புளித்து ஏறும்; அப்போதும் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்கு மேல் போகாது; அடுத்த நாள் புளிக்காடியாகும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் அதுவே கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி, மாவில் விட்டால் அப்பம் பொங்கும். எரியும் நாக்கை ஆற்றும் குளிர்ச்சியும் மெல்லிய இனிப்பும் அதிலிருந்தன. ஒடியற்கூழும் நண்டுக் கறியும் சுட்ட கருவாடும் அத்தனை உறைப்பாக இருப்பதற்கும் பக்கத்தில் பிளாவில் கள் இருந்ததற்கும் தொடர்பு உண்டு. ரோன் கரையில் ஆட்டிறைச்சியும் வைனும் சேர்ந்து வளர்ந்ததுபோல, வடமராட்சிக் கரையில் நண்டும் கள்ளும் சேர்ந்து வளர்ந்தன. மண்ணுக்கு ஏற்ற சோடி அது.

அந்தச் சோடியைப் பிரித்தது எது? குடியின் தீமை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். மரமேறியவரின் சாதியை இழிவாகக் கண்ட சமூகம் அவர் கையிலிருந்து வந்த பானத்தையும் இழிவாகக் கண்டது. அதைக் குடிக்க ஆசைப்பட்ட கனவான் பின்வளவு வழியாகப் போத்தலில் எடுப்பித்தான். பகலில் தவறணைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். உத்தியோகம் கிடைத்ததும் விஸ்கிக்கு மாறினான். இன்று அவனுடைய பேரன் வெளிநாட்டு வைனின் ஆண்டும் ஊரும் பேசுகிறான். போத்தல் மாறியதே தவிர, ஒளிப்பதும் உயர்வு தாழ்வு பார்ப்பதும் மாறவில்லை. கோட் து ரோன் கொண்டுவந்து காட்டிப் பெருமைப்படுபவருக்கு ஒரு செய்தி: அது அங்கே கள்தான்.

ஒளிப்பதில் அரசும் நமக்கு இளைத்ததன்று. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாதென்று 1979இன் மதுவரி அறிவித்தல் ஒன்று இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை நீக்கச் சொன்னார். பெண்கள் குடிக்க வேண்டுமென்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அளவு தெரிந்தவர் பெரும்பாலும் பெண்தான்: அரிசியின் அளவு, உப்பின் அளவு, மாதச் சம்பளத்தின் அளவு. அவர் கண்ணுக்கு மறைவாக இருந்தால்தான் மது கௌரவமானது என்று சட்டமும் சம்பிரதாயமும் ஒருங்கே சொன்னால், அளவு எங்கிருந்து வரும்?

நான் வாழும் கல்கிசைக்கே இதில் ஒரு கதை உண்டு. தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் கடலோரக் குன்றில் மாளிகை கட்டினார்; இன்றைய மவுண்ட் லவினியா ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்தது. லொவினியா என்ற நடனப் பெண்ணின்மீது அவருக்குக் காதல். ஊரறியாமல் அவள் வந்துபோக, அவளுடைய தகப்பனாரின் கிணற்றிலிருந்து மாளிகைக்கு ஒரு சுரங்கம் தோண்டுவித்தாராம். அச்சுரங்கம் போய் முடிந்த இடம் மாளிகையின் வைன் நிலவறை என்பது கதை. வரலாறோ கட்டுக்கதையோ, எங்கள் ஊரின் பெயரிலேயே மதுவும் மறைவும் கைகோத்து நிற்கின்றன. நானும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக என் அகராதிகளுக்குப் பின்னால் ஒரு சிறு சுரங்கம் வைத்திருந்தேன்.

குடிப்பவரிடம் நான் கேட்பது இதுதான். சோறு வரும்வரை பொறுங்கள். வீட்டார் காணக் குடியுங்கள். அவர்கள் முன்னிலையில் குடிக்க வெட்கமாக இருந்தால், அந்த வெட்கம் ஏதோ சொல்கிறது, கேளுங்கள். ஒருமுறை பழகியபின் மேசையும் சோறும் தடுக்க முடியாத நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்குத் தேவை மருத்துவரே அன்றி நல்ல வைன் அன்று.

அன்றிரவு மருமகன் என் மனைவிக்கும் ஒரு விரலளவு ஊற்றி நீட்டினான். அவர் மணந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "ஆறின பிளேன்டீ மாதிரி இருக்கு. இதுக்கோ இவ்வளவு காலம் ஒளிச்சனியள்?" என்றார். பிறகு, மிஞ்சியதைத் தக்கையால் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில், மோருக்கும் முருங்கைக்காய்க்கும் அருகில் வைத்தார். மறுநாள் அதில் ஒரு கிளாஸ் என் பங்குக்கு வந்தது. மீதியை அவர் இறைச்சிக்குள் ஊற்றிவிட்டார். மூவரும் இருந்து சாப்பிட்டோம்.